பயணம் சொல்லாமல் விட்ட வாசல்

இறக்கையில் டேப் ஒட்டியிருந்தது.

நான் முதலில் பார்க்கவில்லை. ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த ஜொகராம்மாதான் பார்த்தார். என் முழங்கையை ஒரு விரலால் தொட்டார்.

"தம்பி... இது என்ன, வெள்ளியா ஒட்டி வச்சிருக்காஹ?"

எட்டிப் பார்த்தேன். ஒரு சாண் நீளம், வெள்ளி நிறம். நான்கு மூலையும் ஒழுங்காக அழுத்தி ஒட்டியிருந்தது.

"டேப்புங்கம்மா."

"டேப்புன்னா? எங்க ஊட்டு வாளியில ஓட்டை உழுந்தா ஒட்டுவோமே, அதுவா?"

"இது வேற. பிளேனுக்குன்னே செய்யறது. அலுமினியம். காத்து, மழை எதுக்கும் பிரியாது. நானே பார்த்திருக்கேன்."

பார்த்திருக்கிறேன் என்பது உண்மைதான். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் செய்த வேலைகளில் பாதியைப் பத்திரிகையில் நான் எழுதும் இந்தப் பத்தியில் நீங்கள் ஏற்கெனவே படித்திருப்பீர்கள். அதில் ஒன்று, வளைகுடா ஏர்போர்ட் ஒன்றில் பெட்டி ஏற்றுவது. இரண்டு வருடம் விமானங்களின் வயிற்றுக்குள் குனிந்தே நடந்தேன். பெயின்ட் உரிந்த இடத்தில், சின்னக் கீறல் விழுந்த இடத்தில் மெக்கானிக்குகள் அந்த டேப்பை ஒட்டிவிட்டுக் கையெழுத்துப் போடுவார்கள். எங்கே ஒட்டலாம், எங்கே கூடாது என்பதற்கெல்லாம் விதி இருக்கிறது.

எல்லாம் தெரியும். ஆனால் தரையில் நின்று பார்க்கிற டேப் வேறு... பெல்ட் போட்டுக்கொண்டு பார்க்கிற டேப் வேறு.

ஜொகராம்மா காரைக்காலில் தன் தெருப் பெண்பிள்ளைகளுக்குக் குர்ஆன் ஓதிக் கொடுக்கிறவர். ஐம்பத்தைந்து வயது. வளைகுடாவில் இருக்கும் மகளுக்குப் பிரசவம் நெருங்கிவிட்டது. கூட இருக்க ஆள் வேண்டும் என்று மருமகன் விசா அனுப்பியிருந்தார். இவருக்கு இதுதான் முதல் விமானம். நானோ மூன்று மாதத்துக்கு ஒரு லேபர் கேம்ப்பில் ஸ்டோர் பார்க்கப் போகிறேன். (பத்தி எழுதி வயிறு நிறையாது என்பது உங்களுக்குத் தெரியாததா?) எங்கள் இருவருக்கும் டிக்கெட் போட்டது டிராவல்ஸ் வைத்திருக்கும் ஜலால் பாய். "நீ போற பிளேன்லயே அவங்களையும் போடுறேன். பத்திரமா கொண்டுபோய் மருமவன் கையில ஒப்படைச்சிடு" என்றார்.

டிக்கெட் போடும்போது ஜொகராம்மா வைத்த நிபந்தனை ஒன்றே ஒன்று.

"நம்ம கொடி போட்ட பிளேன்லதான் போடணும்."

ஜலால் பாய் கம்ப்யூட்டரிலிருந்து தலையைத் தூக்கினார். "எந்தக் கொடிங்கம்மா? நம்ம ஊர்ல பாதிப் பேரு கொடி பிளேன்னு கேட்டா நான் பாரிசுக்குப் போற பிரெஞ்சுப் பிளேனைப் போட்டுக்கிட்டிருக்கேன். பிரெஞ்சுப் பட்டாளத்துல இருந்து பென்ஷன் வாங்குற சொல்தாமாருங்க வீட்டுல எல்லாம் அதுதான் அவங்க கொடி."

"எனக்கு இந்தியாக் கொடி" என்றார் ஜொகராம்மா. "எங்க வாப்பா அதுலதான் போனாஹ."

அவருடைய வாப்பா இளவயதில் நாகப்பட்டினத்தில் கப்பலேறி மலேயா போனவர். பிற்பாடு விமானத்தில் போய்வர வசதி வந்தபோது கொடி போட்ட விமானத்தைத் தவிர வேறெதிலும் கால் வைக்க மாட்டாராம். அதில் கொடுத்த சின்ன உப்பு டப்பா, மிளகு டப்பா, கொடி அச்சடித்த காகிதத் துணுக்கு... எல்லாவற்றையும் கொண்டுவந்து அலமாரிக் கண்ணாடிக்குப் பின்னால் வைத்திருந்தாராம். வேறு நாட்டுக் கம்பெனி என்றால் கோளாறு வந்தால் பாதி வழியில் எங்காவது இறக்கிவிட்டுப் போய்விடுவான். நம்ம கொடி என்றால் நம்மைத் திருப்பி ஊருக்குக் கொண்டுவந்து விடும் என்பது அவர் கணக்கு.

அந்தக் கணக்கு எனக்கும் புரியும். நான் பெட்டி ஏற்றிய காலத்தில், அந்தக் கொடி வரைந்த விமானம் வந்து நின்றால் நம் ஆட்கள் ஒரு நிமிடம் கையில் இருப்பதைக் கீழே வைத்துவிட்டுப் பார்ப்பார்கள். பக்கத்தில் நிற்கிற பளபளப்பான வெளிநாட்டு விமானங்களுக்கு முன்னால் இது கொஞ்சம் அழுக்காகத்தான் இருக்கும். சீட்டுக்கு முன்னால் இருக்கும் டிவி ஓடாது. கழிவறைத் தாழ்ப்பாள் ஒரு காலத்தில் இருந்ததற்கான அடையாளம் மட்டும் இருக்கும். உள்ளே வேலை பார்க்கிறவர்கள் நம்மைப் போன்ற கேம்ப் ஆட்களிடம் கொஞ்சம் குரலை உயர்த்தித்தான் பேசுவார்கள். இருந்தாலும் வரிசையில் நின்று திட்டிக்கொண்டே அதில்தான் ஏறுவோம். ஏன்? இன்றுவரை எனக்கு விளங்கவில்லை.

விமானம் காலையில் திருச்சியிலிருந்து கிளம்பியது. ஜொகராம்மா கண்ணை மூடி உதட்டை அசைத்துக்கொண்டிருந்தார். நான் டேப்பைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அது பிரியவில்லை.

வேறொன்றுதான் சரியில்லை.

பத்து இருபது தடவை பறந்தவனுக்கு ஒரு சத்தம் பழகியிருக்கும். மேலே ஏறியதும் சக்கரம் உள்ளே மடங்கிக் கதவு மூடுகிற 'டொக்'. அதற்குப் பிறகுதான் காலடி அமைதியாகும். அன்று அந்த 'டொக்' வரவில்லை. காலுக்கு அடியில் காற்று இரைந்துகொண்டே இருந்தது. லாரியின் பின்கதவைத் திறந்துபோட்டு ஓட்டுகிற மாதிரி.

அடுத்து, வெயில். ஜொகராம்மாவின் மடியில் கிடந்த வெயில் மெதுவாக நகர்ந்து என் மடிக்கு வந்தது. அங்கிருந்து நடைபாதைக்குப் போய், எதிர்ப்பக்கத்து ஆளின் முகத்தில் விழுந்தது. சிறிது நேரத்தில் மறுபடியும் ஜொகராம்மாவின் மடி.

விமானம் வட்டமடித்துக்கொண்டிருந்தது.

காவிரியை இரண்டாவது தடவை பார்த்தேன். மலைக்கோட்டையை மூன்றாவது தடவை பார்த்தபோது பெல்ட்டை இழுத்து இறுக்கிக்கொண்டேன்.

"என்னங்க தம்பி, அதே மலையா இருக்கு?"

"வெதருங்கம்மா. கொஞ்சம் சுத்தித்தான் போவாங்க."

வெளியே மேகம் ஒன்றுகூட இல்லை.

முன்சீட்டுக்காரர் திரும்பினார். கும்பகோணம் பக்கத்துக் கொத்தனார். கிளம்புமுன் நான் டேப்பைப் பற்றிச் சொன்னதைக் கேட்டதிலிருந்து என்னை எஞ்சினியர் லெவலில் வைத்திருந்தார். "அண்ணே, நீங்க ஏர்போர்ட்டு ஆளு. உண்மையச் சொல்லுங்க. ஏதும் வம்பா?"

"ஒண்ணுமில்லங்க."

"ஒண்ணுமில்லேன்னா அந்தப் பொண்ணு ஏன் அப்புடி உக்காந்திருக்கு?"

பணிப்பெண் முன்பக்கம் தன் மடக்கு சீட்டில் பெல்ட் போட்டு, கைகளைத் தொடைக்கு அடியில் வைத்து உட்கார்ந்திருந்தாள். சாப்பாட்டு வண்டி வரவேயில்லை. விமானத்தில் எதைப் பார்த்துப் பயப்பட வேண்டும் என்று கேட்டால் நான் இதைத்தான் சொல்வேன். சத்தத்தையும் ஆட்டத்தையும் விடுங்கள். டீ வர வேண்டிய நேரத்தில் டீ வராதது.

பிறகு பைலட்டின் குரல். முதலில் இந்தி, அதற்குப் பின் ஆங்கிலம். திருச்சியில் ஏறிய விமானம்... பாதிக்கு மேல் தமிழ் தவிர ஒன்றும் தெரியாதவர்கள். சாகிற செய்தியாக இருந்தாலும் நமக்கு அதை நம் பாஷையில் சொல்ல ஆளில்லை. ஆங்கிலம் கரகரவென்று ஓடியது. 'டெக்னிக்கல்' என்ற ஒரு சொல்தான் என் கையில் சிக்கியது. இந்தி எனக்குக் கேம்ப் இந்தி. சிமெண்ட் எடு, தண்ணி விடு, சம்பளம் எப்போ... அதற்குமேல் போகாது. 'வாபஸ்' என்றால் திரும்பி, அப்புறம் 'திருச்சி', அப்புறம் 'தேல்' — அதாவது எண்ணெய். எரிபொருளைத் தீர்த்துவிட்டு இறங்கப் போகிறார்கள் என்பது மட்டும் புரிந்தது. நடுவே ஒரு சொல் இரண்டு தடவை வந்தது. அது என்னவென்று தெரியவில்லை. தெரியாத அந்தச் சொல்லையே மனதுக்குள் திருப்பித் திருப்பிச் சொல்லிப் பார்த்தேன். விழப் போகிறோம் என்பதற்கு இந்தியில் ஒரு நாகரிகமான சொல் இருக்கலாம் இல்லையா?

"என்ன சொன்னாஹ?"

"மேல கூட்டமா இருக்காம். கொஞ்ச நேரம் ஆவுமாம்."

ஜொகராம்மா என் முகத்தைப் பார்த்தார். எத்தனையோ வருடமாகப் பாடம் ஓதாமல் வரும் பிள்ளைகளைப் பார்த்துப் பழகிய கண். கைப்பையைத் திறந்து போனை எடுத்தார்.

"கதீஜா லாத்தாவுக்கு நான் பயணம் சொல்லல தம்பி."

இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். வெளியூர்க்காரர்களுக்கு இது புதிது. காரைக்கால் முஸ்லிம் தெருக்களில், கடல் தாண்டிப் போகிறவர்கள் கிளம்புவதற்கு முன் சொந்தக்காரர், அக்கம்பக்கத்தார் என்று வாசல் வாசலாகப் போவார்கள். 'பயணம் சொல்றேன், தப்பு தவறு இருந்தா பொறுத்துக்குங்க' என்பார்கள். அந்த வீட்டார் பொறுத்துக்கொண்டோம் என்று சொல்லி நல்லபடியாகப் போய்வர துஆ செய்து அனுப்புவார்கள். கப்பல் காலத்துப் பழக்கமாக இருக்க வேண்டும். போனவன் வருவானா என்று தெரியாத காலம்.

ஜொகராம்மா தெருவில் எல்லா வாசலுக்கும் போயிருந்தார். ஒரு வாசலைத் தவிர. கதீஜா லாத்தா அவருடைய சொந்த அக்கா. தன் மகனுக்கு ஜொகராம்மாவின் மகளைக் கேட்டார். இவர் வேறிடத்தில் கொடுத்துவிட்டார். நான்கு வருடமாகப் பேச்சில்லை. வீடோ இரண்டு வாசல் தள்ளி.

"நேத்து அவுஹ வாசலைத் தாண்டிப் போனேன். ஜன்னல் திரை ஆடுச்சு. நின்னுருக்கலாம். நிக்கல." போனை என் கையில் வைத்தார். "போட்டுக் குடுங்க."

"இங்க போட முடியாதுங்கம்மா. நீங்க பேசுங்க, பதிவு பண்ணி வைக்கிறேன். போயிடும்."

"எப்பப் போவும்?"

"தரை இறங்குனதும்."

"இறங்கலேன்னா?"

அவர் அதைச் சாதாரணமாகத்தான் கேட்டார். உப்பு இல்லையென்றால் என்ன செய்வது என்று கேட்கிற மாதிரி.

வாட்ஸ்அப்பில் அழுத்திப் பிடித்து நீட்டினேன். அவர் போனை வாயருகே வைத்துக்கொண்டு, சத்தம் குறைத்துப் பேசினார்.

"லாத்தா... ஜொகரா பேசுறேன். பயணம் சொல்றேன். உங்க புள்ளைய வேணாம்னதுல உங்களைத் தாழ்த்தணும்னு நெனைக்கல. நேத்து உங்க வாசல்ல நிக்காம போனேன். அது என் தப்பு. பொறுத்துக்குங்க."

அனுப்பினேன். மூலையில் கடிகாரக் குறி சுற்றியது. போகவில்லை. ஒரு குற்றத்தை இங்கே ஒப்புக்கொள்கிறேன்: ஃபிளைட் மோடை எடுத்துவிட்டேன். ஏர்போர்ட்டில் வேலை பார்த்தவன் செய்யக் கூடாத காரியம். போன் சிக்னலால் விமானம் விழாது என்று எனக்குத் தெரியும். தெரிந்தும், விரலை எடுத்த பிறகு ஒரு நிமிடம் எஞ்சின் சத்தத்தையே கேட்டுக்கொண்டிருந்தேன்.

கடிகாரம் அப்படியே நின்றது.

நான் யாருக்கு அனுப்புவது என்று அப்போதுதான் யோசித்தேன். காரைக்காலை ஒட்டிய நெரவியில் என் தம்பி இருக்கிறான். வயல் பார்க்கிறான். நான் கிளம்பியது அவனுக்குத் தெரியாது. எங்கே கிளம்பினாலும் சொல்கிற பழக்கம் எனக்கில்லை. அவனும் கேட்பதை விட்டுவிட்டான். டிக்கெட் போடும்போது, "அவசரம்னா யாருக்குப் போன் போடணும்?" என்று ஜலால் பாய் கேட்டார். "உங்க கடை நம்பரையே போடுங்க பாய்" என்று சிரித்தேன். விமானம் விழுந்தால்... பட்டியலில் என் பெயருக்கு நேரே மணியடிக்கப் போவது ஒரு டிராவல்ஸ் கடையில். அவரும் தொழுகைக்குப் போயிருந்தால் அதுவும் இல்லை.

பைலட் மறுபடியும் பேசினார். அதே இந்தி. அதே சொல்.

ஜொகராம்மா சட்டென்று நிமிர்ந்தார். "தம்பி, இஹ்தியாத்துன்னுல்ல சொல்றாரு?"

"உங்களுக்கு இந்தி தெரியுமா?"

"இந்தி எனக்கெங்க தெரியும். இது அரபிச் சொல்லு. எங்க நோன்பு நேர அட்டையில போட்டிருக்குமே... பேணுதலுக்காக ரெண்டு நிமிஷம்னு. விடியக்காலையில சாப்புடுற சஹரு நேரம் முடியறதுக்கு முன்னாடியே சாப்பாட்டை நிறுத்திக்கிறது. நேரம் இருக்கும், ஆனா நிறுத்திடுவோம். அதுதான் இஹ்தியாத்து." பிள்ளைகளுக்குச் சொல்வதுபோல் மெதுவாகச் சொன்னார். "கெட்டுப்போன பொறவு யாரும் பேணுதல்னு சொல்ல மாட்டாஹ தம்பி. கெடறதுக்கு முன்னாடிதான் சொல்லுவாஹ."

அவர் என் பக்கம் திரும்பினார்.

"கூட்டம்னு ஏன் பொய் சொன்னீங்க?"

"பயந்துடுவீங்கன்னு..."

"நீங்க பயந்தீங்க" என்றார்.

கொத்தனார் சீட்டு இடுக்கு வழியாகக் கேட்டுக்கொண்டிருந்தார். "ம்மா, அப்ப ரெண்டு நிமிஷம் முன்னாடியே எறங்குறோம், அவ்ளோதானே?"

"அவ்ளோதான்" என்றார் ஜொகராம்மா.

அந்தப் பதில் இரண்டு மூன்று வரிசைக்குப் பரவியதை என் காதால் கேட்டேன். 'பேணுதலாம்... பேணுதலாம்...' பயம் போய்விட்டதா? இல்லை. ஆனால் பயத்துக்கு ஒரு பெயர் கிடைத்துவிட்டது. பெயரில்லாத பயத்தைவிட அது கொஞ்சம் அடங்கி உட்காரும்.

விமானம் தாழ இறங்கியது. வயல்கள், தென்னை, ஒரு பஸ். போனில் கடிகாரக் குறி மறைந்து ஒரு டிக் விழுந்தது. அடுத்து இரண்டு.

"போயிடுச்சும்மா."

அவர் தலையை மட்டும் ஆட்டினார். கை என் மணிக்கட்டைப் பிடித்திருந்தது. நகம் பதிந்த தடம் இன்னும் இருக்கிறது. ஓடுபாதையின் ஓரத்தில் தீயணைப்பு வண்டிகள் வரிசையாக நிற்பதைப் பார்த்தபோது 'பேணுதல்' எல்லாம் எனக்கு மறந்துபோனது. கண்ணை மூடிக்கொண்டேன்.

இறங்கினோம். ஒரு பெரிய அடி, ஒரு குலுக்கல், பிறகு ஓட்டம். யாரோ கைதட்டினார்கள். யாரோ அழுதார்கள். கொத்தனார், "அண்ணே, டேப்பு அப்புடியே இருக்கு பாருங்க" என்றார்.

சக்கரம் மடங்கவில்லை, அதனால் திரும்பினோம் என்று பிறகு சொன்னார்கள். கவுண்டரில் ஒரே கூச்சல். நாள் வீணாகிவிட்டது, வேலை போய்விடும், இது ஒரு பிளேனா... நானும் பல ஏர்போர்ட்டுகளில் இப்படிக் கூச்சல் போட்டவன்தான். அன்று முடியவில்லை. தைரியமான பைலட் என்று ஊரில் பேசுவோமே, எனக்கு அவர் வேண்டாம். வழியில் நின்று யோசித்து, 'திரும்பிடுவோம்' என்று சொல்கிற பயந்த பைலட் போதும். கொடி எந்தக் கொடியாக இருந்தால் என்ன?

மறுநாள் மத்தியானம் வேறு விமானம், அதுவரை ஹோட்டல் என்றார்கள். பாஸ்போர்ட்டில் குத்திய முத்திரையை ரத்து செய்துகொண்டு வெளியே வந்தபோது ஜொகராம்மாவின் போனில் குரல் செய்தி வந்தது. அவரே ஸ்பீக்கரில் போட்டார்.

"ஜொகரா... ரெண்டு வாசல் தாண்டி வர நாலு வருஷமா உனக்கு வழி தெரியல. ஆகாசத்துலேர்ந்து பயணம் சொல்ல வந்துட்டியோ? போன்ல சொன்னா செல்லாது. வாசலுக்கு வந்து சொல்லு."

அவ்வளவுதான். நான் ஜொகராம்மாவின் முகத்தைப் பார்க்காமல் பெட்டியைப் பார்த்தேன்.

"வண்டி பிடிங்க தம்பி."

"ம்மா, நாலு மணி நேரம். நாளைக்குத் திரும்பி வரணும். மவளுக்கு எந்த நேரமும் வலி வரலாம்னு சொன்னீங்களே. இந்தப் பிளேனையும் விட்டுட்டா?"

"விட மாட்டேன். ஆனா சொல்லாம ஏற மாட்டேன். ஒரு தடவ ஏறிப் பார்த்துட்டேன்ல?"

வண்டி பிடித்தேன்.

காரைக்காலுக்குள் நுழையும்போது வெயில் சாய்ந்திருந்தது. கதீஜா லாத்தா வாசலிலேயே நின்றிருந்தார். கையில் ஒரு எவர்சில்வர் டப்பா. ஜொகராம்மா படியேறவில்லை. கீழே நின்றபடியே சொன்னார்.

"பயணம் சொல்றேன் லாத்தா. தப்பு தவறு இருந்தா பொறுத்துக்குங்க."

லாத்தா டப்பாவை நீட்டினார். "புள்ள பெத்தவளுக்குக் குடுக்குற காய மருந்து லேகியம். நேத்தே கிண்டி வச்சுட்டு ஜன்னல்லயே நின்னேன். நீ குதிரை மாதிரி போனே."

"பொறுத்துக்கிட்டேன்னு சொல்லுங்க."

"பொறுத்துக்கிட்டேன். உள்ள வா, சோறு இருக்கு." என்னை மேலும் கீழும் பார்த்தார். "இவருதான் உன்னைப் பத்திரமா கொண்டுபோறவரா?"

"நான்தான் அவரைக் கொண்டுபோறேன்" என்றார் ஜொகராம்மா.

நான் நெரவிக்குப் போனேன். தம்பி களத்துமேட்டில் மோட்டாரை நிறுத்திவிட்டுக் கால் கழுவிக்கொண்டிருந்தான்.

"எப்ப வந்தே?"

"இன்னிக்குக் காலையில பிளேன் ஏறினேன்டா. பாதியில திருப்பிட்டாங்க."

அவன் காலைக் கழுவி முடித்தான். துண்டை உதறித் தோளில் போட்டான்.

"நீ போனதே எனக்குத் தெரியாதே" என்றான்.

கோபமில்லை. தகவல் மாதிரி சொன்னான். அன்று முழுவதும் வானத்தில் நான் பட்ட பயத்தையெல்லாம் சேர்த்தாலும் இந்த ஒரு வாக்கியத்துக்கு ஈடாகாது. வரப்பில் நின்றபடி ஜலால் பாய்க்குப் போன் போட்டு, அவசர நம்பரை மாற்றச் சொன்னேன்.

விடிவதற்கு முன்பே கிளம்பி வந்துவிட்டோம். இந்தப் பத்தியைப் போர்டிங் கேட்டில் உட்கார்ந்து போனில் அடித்துக்கொண்டிருக்கிறேன். ஜொகராம்மா பக்கத்தில் டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு, மகளுக்கு இன்னும் வலி எடுக்கவில்லை என்று யாரிடமோ சந்தோஷமாகச் சொல்கிறார். கண்ணாடிக்கு வெளியே எங்கள் விமானம் நிற்கிறது. வேறு விமானம், அதே கொடி. கையில் டார்ச்சோடு ஒருவர் அதைச் சுற்றி வருகிறார். எங்காவது குனிந்தால் எனக்கு நெஞ்சு படபடக்கிறது. குனியாமல் கடந்து போனால் இன்னும் அதிகமாகப் படபடக்கிறது. இறக்கையில் டேப் எதுவும் இல்லை. ஒட்ட மறந்துவிட்டார்களோ?

கூப்பிடுகிறார்கள். உங்கள் வாசலுக்கு வர நேரமில்லை... இது செல்லுமா என்று தெரியவில்லை. பயணம் சொல்கிறேன். தப்பு தவறு இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.